துருவேறிய குளிரூட்டும் அமைப்பு: பழைய வண்டி வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற பெட்ரோல் அம்பாசிடரை மீண்டும் ஓட்ட விரும்புகிறோம். ரேடியேட்டரிலிருந்து செங்கல் கரைத்தது போன்ற நீர் வடிகிறது. வேலையை எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: என்ஜினை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை இப்போதைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். பம்ப் சுழலத் தொடங்கியதும், அடியில் படிந்துள்ள துருச்சேறு கிளம்பி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி, செம்பு, பித்தளை வேலை தெரிந்த கடையில் கொடுங்கள். மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் ஈயத்தை உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் தட்டையான கம்பி விட்டு அடைப்பை எடுத்துத் தருவார்கள்.

அதற்குள் நீங்கள் சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் உடலான பிளாக்கைக் கவனிக்கலாம். பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டு நீர்கூட வராது. சேறு இறுகி வழியை மூடியிருக்கும், கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். பம்பிலிருந்து தொலைவில், கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் படிவு மிகுதியாகத் தேங்குகிறது. பிளாக்கின் பக்கத்தில் கிண்ணம் போல அறைந்திருக்கும் கோர் பிளக்குகள் மெல்லிய இரும்புத் தகடுகள். அவை உட்புறத்திலிருந்தே அரித்துக்கொண்டு வருவதால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அவற்றைக் கழற்றிய துளைகள் வழியே சேற்றைக் கிளறி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் குழாய் நீரைப் பாய்ச்சிக் கழுவினால், எந்தப் புட்டி மருந்தும் செய்யாத வேலை நடக்கும்.

ஒட்டியிருக்கும் துருவுக்கு லிட்டருக்குச் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீர் போதும். பிறகு நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அம்பாசிடரின் பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜினில் பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்பதால் இதைச் சொல்கிறேன். அலுமினிய ஹெட் உள்ள என்ஜின்களில் அமிலத்தைத் தவிர்த்து, அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கழுவும் திரவத்தையே பயன்படுத்துங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை எந்த வண்டியிலும் ஊற்றக் கூடாது. அது துருவோடு உலோகத்தையும் தின்றுவிடும்.

கேள்வி: வழியில் ரேடியேட்டர் ஒழுகியபோது மெக்கானிக் மஞ்சள் தூள் போட்டு நிறுத்தினார். அப்படியே விடலாமா?

பதில்: வீடு வந்து சேர உதவியதோடு அதன் பணி முடிந்தது. ஓட்டையை அடைக்கும் தூள், ஓட்டையில்லாத குறுகிய வழிகளிலும் போய்ப் படியும். உடனே வடித்துக் கழுவி, ஒழுகும் இடத்தைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் அரித்த ரேடியேட்டர் மற்ற இடங்களிலும் மெலிந்திருக்கலாம் என்பதால், முழுவதையும் அழுத்தச் சோதனை செய்து தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். ஆர்.ஓ. நீர் ஊற்றலாமா? தமிழ்நாட்டு வெயிலில் கூலன்ட் உண்மையிலேயே தேவையா? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: கூலன்ட் நீர் உறையாமல் காக்க மட்டுமே, இங்கே நீர் உறையாது என்பதால் அது வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், பழைய வண்டிகளின் அழிவு பெரும்பாலும் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது. நமக்கு முக்கியமானது கூலன்ட்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான். இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயம் ஆகியவை ஒரே நீரில் தொட்டுக்கொண்டிருக்கும்போது, தடுப்பான் இல்லையென்றால் அவற்றுள் ஏதோ ஒன்று கரைந்தே தீரும். கிணற்று நீரின் சுண்ணாம்பு உப்புகள் சூடான இடங்களில் காரையாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. குளோரைடு உப்புகள் அரிப்பை விரைவுபடுத்துகின்றன.

வீட்டு ஆர்.ஓ. நீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர முழுவதும் நீங்கியிருக்காது. பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரே சரியானது. அடர்கூலன்ட்டையும் அந்த நீரையும் சரிபாதியாகக் கலக்குங்கள். இந்தக் கலவை திறந்த நிலையிலேயே சுமார் 108 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்கு மேல் கூலன்ட் சேர்ப்பதில் நமக்குப் பயனில்லை, ஏனெனில் கூலன்ட்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். நிறத்தை நம்பி இரு வகைகளைக் கலக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் கொடுக்கிறது. வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டக் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் குடித்துவிடும், எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொன்றுவிடும்.

கேள்வி: மாருதி 800 சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சூடு இல்லை, ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் தடுத்து வைக்கும் அடைப்பான்தான் தெர்மோஸ்டாட். என்ஜின் இப்போது தனக்குரிய வெப்பத்தை எட்டாமலே ஓடுகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, எண்ணெயில் ஈரமும் கசடும் சேர்கின்றன. அடைபட்ட ரேடியேட்டரோ தேய்ந்த பம்போ அப்படியே இருக்க, அதன் அறிகுறி மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் வெந்நீரில் போட்டு வெப்பமானியோடு சோதியுங்கள்; அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். பிறகும் சூடேறினால் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் என்றால் விசிறியையும் அதன் சுவிட்சையும், நெடுஞ்சாலை வேகத்தில் என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் உறிஞ்சலில் ஒடுங்கிப்போகும் கீழ் ஹோஸையும் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை.

பதில்: பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. முற்றிலும் ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு நீர்வழிக்குள் கசிகிறது. சூடான என்ஜினில் ஒருபோதும் மூடியைத் தொடாதீர்கள், பீறிடும் நீர் முகத்தை வெந்துபோகச் செய்யும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டுவதையே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றியதும் நேர்விளிம்புக் கோலையும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதியில்லை. மிகுந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து பரப்பைச் சமமாக்கியாக வேண்டும். நீர்த்துளைகளின் விளிம்பில் அலுமினியம் குழிந்து அரித்திருந்தால், அந்தப் பள்ளம் கேஸ்கட்டின் வளையத்துக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். வருமானால் எவ்வளவு விலையுயர்ந்த கேஸ்கட்டும் நிற்காது; அந்த இடத்தைப் பற்றவைத்துச் சமன்செய்ய வேண்டும், இல்லையேல் வேறு ஹெட் தேட வேண்டும்.