மாடுலர் கிச்சன்ல மேல் கேபினட் எல்லாத்துக்கும் கதவு இருக்கு, ஒரு பகுதியை மட்டும் ஓபன் ஷெல்ஃபா மாத்தலாமா? தூசி, பராமரிப்பு எல்லாம் கஷ்டமா?

மாத்தலாங்க, நான் மாத்தியிருக்கேன், ஒரு தடவை தப்பா, ரெண்டாவது தடவை சரியா.

தூசின்னு கேட்டிருக்கீங்க, எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுறாங்க. வெறும் தூசி ஒண்ணும் பண்ணாது, துணியால ஒரு தட்டு தட்டினா போயிடும். நம்மள கொல்றது எண்ணெய்ப் பிசுக்கு. நான் முதல்ல ஷெல்ஃப் போட்டது அடுப்புக்குப் பக்கத்துலயே, கை நீட்டினா எடுத்துக்கலாம்னு ஒரு ஆசைல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதிகம் தொடாத ஒரு கண்ணாடி ஜாடியை எடுக்கப் போறேன், வரவே மாட்டேங்குது, கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் 'ப்ளக்'னு பிச்சிக்கிட்டு வந்துச்சு. பலகையில அது இருந்த இடத்தைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம், விரலால தேய்ச்சா சாம்பல் கலர்ல உருண்டை உருண்டையா வருது. சிம்னி இருக்கேன்னு நினைக்காதீங்க, அது எல்லாத்தையும் இழுக்காது, ஓரமா தப்பிச்சுப் போற எண்ணெய் ஆவி பக்கத்துல எது இருக்கோ அதுமேல படியும், நாளாக ஆக வார்னிஷ் மாதிரி இறுகிடும், அப்புறம் சும்மா ஈரத்துணிக்கெல்லாம் மசியாது, பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்த வெந்நீர்ல துணியை நனைச்சு மேல போட்டு ஊற விடணும்.

அதனால எங்க வைக்கிறீங்கங்கறதுதான் விஷயம். அடுப்புக்கு ரெண்டு பக்கமும் மூடின கேபினட்டே இருக்கட்டும். சிங்க் பக்கமோ, அடுப்புக்கு எதிர் சுவரோ, ஜன்னல் ஓரமோ ஓபனுக்கு விடுங்க. அதுலயும் தினமும் எடுத்துக் கழுவுற தட்டு, கிண்ணம், கப் மட்டும்தான். தினமும் கழுவுற பொருள்ல பிசுக்கு சேர நேரமே கிடைக்காதுல்ல, அதான் சூட்சுமம். வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற பெரிய பாத்திரம், மிக்ஸியோட எக்ஸ்ட்ரா ஜார், மூடி இல்லாத டப்பா எல்லாம் கதவுக்குப் பின்னாடி போகட்டும். என் கணக்குல மேல் வரிசைல கால்வாசிக்கு மேல ஓபன் வேண்டாம், அதுக்கு மேல போனா நம்ம வீட்டு சமையலறை கடை மாதிரி ஆயிடும், எல்லாத்தையும் எப்பவும் அடுக்கியே வச்சிருக்கணும், யாரால முடியும்?

இப்ப நீங்க ஒரு கேபினட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஷெல்ஃப் போடப்போறீங்கன்னா, கழட்டின உடனே ரெண்டு அதிர்ச்சி காத்திருக்கும். ஒண்ணு, டைல்ஸ் பெரும்பாலும் கேபினட் அடிமட்டத்தோட நின்னுருக்கும், பின்னாடி மொட்டைச் சுவரும் பழைய ஓட்டையும்தான். ரெண்டு, பக்கத்து கேபினட்டோட சைடு பலகை. அது இவ்வளவு நாள் இன்னொரு கேபினட்டோட ஒட்டி மறைஞ்சிருந்ததால வெளிப்பக்கத்துக்குக் கதவு கலர்ல லேமினேட் போட்டிருக்க மாட்டாங்க, வெள்ளையா பல்லிளிக்கும். அதுக்கு ஒரு மெல்லிசு பேனல் மேல ஒட்டணும், முதல்லயே கார்பென்டர்கிட்ட சொல்லிடுங்க, இல்லேன்னா ஷெல்ஃப் எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் 'அது தனி வேலை சார்'னு வரும்.

பலகை விஷயத்துல 18 மி.மீ. ப்ளைவுட்னா ரெண்டரை அடி வரைக்கும் நடுவுல தாங்கல் இல்லாம விடலாம், மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டுன்னா ரெண்டு அடியோட நிறுத்திடுங்க. நீளமா ஒரே பலகையா அழகா இருக்குமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா அதே எடையை வச்சு நீளத்தை மட்டும் ரெண்டு மடங்காக்கினா தொய்வு எட்டு மடங்காகும், ரெண்டு மடங்கு இல்ல, எட்டு. பீங்கான் தட்டு ஒண்ணு அரைக் கிலோவுக்கு மேல வரும், ஒரு டஜன் அடுக்கினாலே ஆறு கிலோ தாண்டிடும், யோசிச்சுக்கோங்க. நீளம் வேணும்னா நடுவுல இன்னொரு பிராக்கெட் கொடுங்க, இல்ல கனமான பலகை போடுங்க. முன் விளிம்பு மட்டுமில்ல, அடி, பின்பக்கம்னு எல்லா விளிம்பும் சீல் பண்ணச் சொல்லுங்க, சிங்க் பக்கம்னா ஈரம் அங்கதான் உள்ள போகும்.

என்னோட முதல் ஷெல்ஃப் முன்னாடி சாய்ஞ்சதுக்குக் காரணம் பலகை இல்ல, ஸ்க்ரூ. டைல்ஸ் 8 மி.மீ., அதுக்குப் பின்னாடி பூச்சு 15 மி.மீ., இது ரெண்டும் பிடிமானமே கிடையாது, ஸ்க்ரூ பிடிக்கிறதுக்காக ஓட்டைக்குள்ள சொருகுற பிளக் அதைத் தாண்டி செங்கல்லுக்குள்ள போகணும். எனக்குப் போட்டவர் சின்ன பிளக்கைப் போட்டு இறுக்கிட்டுப் போயிட்டார், முக்கால்வாசி பூச்சுலயே நின்னுருக்கு. பாரம் கீழ அழுத்தும்போது பிராக்கெட்டோட மேல் ஸ்க்ரூவைச் சுவர்லேர்ந்து வெளிய இழுக்கும், ஷெல்ஃப் ஆழம் கூடக்கூட அந்த இழுப்பும் கூடும், அதனால கேபினட் 12 இன்ச் ஆழம்னா ஷெல்ஃபை 8, 10 இன்ச்சோட விட்டாப் போதும், தட்டு நிக்கும், தலையிலயும் இடிக்காது. உள்ள பொந்து இருக்கிற ஹாலோ பிளாக் சுவர்னா அதுக்குன்னு தனி ஆங்கர் இருக்கு, சாதா பிளக் உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். ட்ரில் பண்றப்போ சுவிட்ச்போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேல, நேர் கீழ கை வைக்காதீங்க, ஒயரும் பைப்பும் அந்த வழியாத்தான் போயிருக்கும். டைல்ஸைத் துளைக்கிற வரைக்கும் ட்ரில்லோட ஹாமர் மோடு, அதாவது இடிச்சு இடிச்சுத் துளைக்கிறது, ஆஃப்ல இருக்கணும்.

அப்புறம் கதவு. ஷெல்ஃபை ஒட்டின கேபினட் கதவோட ஹிஞ்ச் ஷெல்ஃப் பக்கம் இருந்தா, முழுசா திறக்கும்போது 90 டிகிரியைத் தாண்டி ஷெல்ஃப் முன்னாடி வந்து நிக்கும், வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற கப் காலி. நான் ஒண்ணு உடைச்சப்புறம்தான் ஹிஞ்சை எதிர்ப் பக்கம் மாத்தினேன். கீழ் ஷெல்ஃபோட அடிக்கோடு கேபினட் அடிக்கோட்டோட ஒரே நேர்ல வரட்டும், ரசமட்டம் வச்சுப் பாருங்க, அரை இன்ச் மாறினாலும் கண்ணு அங்கயே போகும். லைட் எல்லாம் உங்க இஷ்டம்.

இன்னும் மனசு ரெண்டா இருந்துச்சுன்னா எதையும் உடைக்காதீங்க. மாத்த நினைக்கிற கேபினட்டோட கதவை மட்டும் கழட்டி கட்டிலுக்கு அடியில போட்டுடுங்க, கிளிப் ஹிஞ்சா இருந்தா ஸ்க்ரூ டிரைவர் கூட வேண்டாம், பின்னாடி இருக்கிற லிவரை அமுக்கினா வந்துடும். ஒரு மாசம் அப்படியே புழங்கிட்டு உள் பலகையில விரலை வச்சு இழுத்துப் பாருங்க. விரல் ஒட்டுச்சுன்னா கதவைத் திரும்ப மாட்டிடுங்க.