பேத்தி கையால ஒரு மேப்பிள் தோரணம்

கேள்வி: கும்பகோணத்துல இருந்து மகன் வீட்டுக்கு ஆறு மாசம் வந்திருக்கேன், நியூஜெர்சி எடிசன்ல. பேத்திக்கு நாலு வயசு. அக்டோபர் பொறந்ததுல இருந்து தெருவுல எல்லார் வீட்டு வாசல்லயும் பரங்கிக்காய், சோளத்தட்டை, பூத்தொட்டின்னு ஒரே அலங்காரமா இருக்கு. "பாட்டி, நம்ம வீட்டுல ஏன் இல்ல"ன்னு தினம் கேக்கறா. மகனும் மருமகளும் வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வராங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல மனசு வரல. எனக்கு இந்த ஊர் வழக்கமும் தெரியாது, அவ பேசற இங்கிலீஷும் பாதிதான் புரியுது. அதிக செலவில்லாம நாங்க ரெண்டு பேர் மட்டும் என்ன செய்யலாம்?

பதில்: "எனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியிலயே நின்னுட்டேன் நான். நாப்பது வருஷமா மாவிலைத் தோரணம் கட்டின கை உங்களுது, மார்கழியில கோலத்து நடுவுல சாணி உருண்டை பிடிச்சு பரங்கிப்பூ வச்ச கை. நாம பூவை வாசல்ல வச்சோம், இவங்க காயை வைக்கறாங்க, அவ்வளவுதான். கடை வாசல்ல தொட்டி தொட்டியா 'மம்ஸ்'னு விக்கறாங்களே அது நம்ம சாமந்தியேதான், கிட்ட போய் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்க, உடனே தெரிஞ்சுடும். கடைக்குப் போற கவலையை முதல்ல விடுங்க, உங்களுக்கு வேண்டியதுல முக்கால்வாசி இப்ப உங்க வீட்டு நடைபாதையிலயே கொட்டிக் கிடக்கு.

உங்க பக்கத்துல அக்டோபர் நடுவுல இருந்து நவம்பர் முதல் வாரம் வரைக்கும் இலை நல்ல நிறத்துல இருக்கும், அதுக்குள்ள பொறுக்கிடணும். டேகேர் விட்டு வந்ததும் ஒரு துணிப்பையைக் குடுத்து அவளைக் கூட்டிட்டு நடங்க. விரல் விரிச்ச கை மாதிரி இருந்தா மேப்பிள், நட்சத்திரம் மாதிரி இருந்தா ஸ்வீட்கம், சின்ன விசிறி மாதிரி மஞ்சளா இருந்தா கிங்கோ, ஓரமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு பழுப்பு நிறமா கெட்டியா இருந்தா அநேகமா ஓக். அவ எடுக்கற இலையை நீங்க கழிக்காதீங்க, இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். என் பேரன் அந்த வயசுல பூச்சி அரிச்ச ஓட்டை இலையாத்தான் தேடித் தேடி எடுப்பான். நல்லதா ஒண்ணு எடுடான்னு நான் சொல்ல வாயெடுத்தேன், அவன் அந்த இலையை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு "பாட்டி, ஜன்னல்"ன்னான். அந்த ஓட்டை வழியா அவன் மூக்கு மேல சின்னதா ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்துச்சு. அந்த இலை இன்னும் எங்க வீட்டு ஃபோட்டோ ஃப்ரேம்ல இருக்கு, நிறமெல்லாம் போயிடுச்சு, ஓட்டை மட்டும் அப்படியே இருக்கு.

பாஷையை நினைச்சுத் தயங்கறீங்க, ஆனா இந்த வேலைக்குத் தமிழ் தான் ரொம்ப வசதி. தளிர், இலை, பழுப்பு, சருகுன்னு இலையோட ஒவ்வொரு வயசுக்கும் நம்மகிட்ட ஒரு பேர் இருக்கு. நிலத்துல இருந்து ஒண்ணு எடுத்து உள்ளங்கையில வச்சு நொறுக்கச் சொல்லுங்க, நொறுங்கினா சருகு, வளைஞ்சா பழுப்பு. ரெண்டே நாள்ல அவளே சொல்லிடுவா, நாலு வயசுக் குழந்தைக்கு வார்த்தையைக் காதுல சொல்றதை விட கையில குடுத்தா டக்குன்னு ஒட்டிக்கும்.

ஏன் பாட்டி கலர் மாறுதுன்னு கட்டாயம் கேப்பா. இலைக்குள்ள பச்சையும் மஞ்சளும் எப்பவும் சேர்ந்தேதான் இருக்கு, பச்சை அதிகமா இருக்கறதால மஞ்சள் வெளியில தெரியறதில்ல. பகல் குறைஞ்சு குளிர் ஆரம்பிச்சதும் மரம் சமையலை நிறுத்திடுது, பச்சை கரைஞ்சு போகுது, அப்போ அடியில இருந்த மஞ்சள் வெளியில தெரியுது. சிவப்பு மட்டும் அப்படி இல்ல, இலையில தங்கிப்போன சர்க்கரையில இருந்து அந்த நேரத்துல புதுசா உண்டாகறது, அதனாலதான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிரும் சேர்ந்து வர்ற வருஷம் மேப்பிள் குங்குமமா செவக்கும். "மரம் அடுப்பை அணைச்சுட்டுத் தூங்கப் போகுது"ன்னு சொன்னா குழந்தைக்குப் புரியும், அதுல பொய்யும் இல்ல.

ஒரு எச்சரிக்கை, இது ரொம்ப முக்கியம். இங்க 'பாய்ஸன் ஐவி'ன்னு ஒரு கொடி இருக்கு, வேலியோரம் தரையில படரும், மரத்து மேலயும் ஏறும், ஒரே காம்புல மூணு மூணு இலையா இருக்கும், நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம். இலை உதிர்ற இந்தக் காலத்துல அது எல்லாத்துக்கும் முன்னாடி பளபளன்னு செவந்து நிக்கும், குழந்தை நேரா அங்கதான் ஓடும். தொட்டா அரிச்சுக் கொப்புளம் வந்துடும். நம்ம ஊர் சேங்கொட்டை இருக்கே, மாங்காப் பால் பட்டா சிலருக்குப் புண்ணாகுமே, அதுங்க குடும்பம்தான் இதுவும். ரோமம் முளைச்ச கயிறு மாதிரி மரத்து மேல ஒரு கொடி ஏறியிருந்தா அந்த மரத்தடியிலயே பொறுக்க வேண்டாம். தப்பித் தவறி பட்டுடுச்சுன்னா உடனே சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, போட்டிருந்த துணியையும் துவைச்சுடுங்க, அந்த எண்ணெய் துணியில தங்கிடும். மூணு இலைக் கொடியைக் கண்டா கையைப் பின்னாடி கட்டிக்கணும்னு அவளுக்கு ஒரு விளையாட்டா பழக்கிடுங்க.

சரி, தோரணத்துக்கு வருவோம். பச்சையாவே கோத்துக் கட்டினா ரெண்டே நாள்ல சுருண்டு போகும், நான் முதல் வருஷம் அப்படிக் கட்டிட்டு மூணாம் நாள் காலையில பேரன் முகத்தைப் பாக்க முடியல. இலையைத் துடைச்சு, நியூஸ்பேப்பர் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கி, மேல அரிசி மூட்டையைத் தூக்கி வைங்க, புத்தகத்தை விட அதுதான் நல்ல கனம். ஒரு வாரம் இருக்கட்டும், நடுவுல ஒரு தடவை பேப்பரை மாத்துங்க. மூட்டை மேல ஏறி உக்காந்து அமுக்கறது அவ வேலை, பெருமையா செய்வா. எடுத்ததும் ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்கற வெள்ளை கோந்துல கொஞ்சம் தண்ணி கலந்து ரெண்டு பக்கமும் பிரஷ்ஷால தடவி காய வச்சா இலை கெட்டியா நிக்கும், நிறமும் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். அப்புறம் கதவுக்கோ ஜன்னலுக்கோ குறுக்க ஒரு சணல் கயிறு கட்டிடுங்க, முடிச்சு போட நாலு வயசு விரலுக்கு வராது, அதனால சின்ன மரக் கிளிப் வாங்கிக்கோங்க, டாலர் கடையில கிடைக்கும், அவளே ஒவ்வொரு இலையா மாட்டட்டும். கயிறு அவ கைக்கு எட்டற உயரத்துல இருக்கணும். அவ நாலு இலையை ஒரே இடத்துல மாட்டிட்டு மிச்ச கயித்தைக் காலியா விடுவா, ராத்திரி அவ தூங்கினப்புறம் போய் இடைவெளி சரி பண்ணணும்னு கை பரபரக்கும், பண்ணாதீங்க, காலையில எழுந்ததும் கண்டுபிடிச்சுடுவா. சுவத்துல ஆணி அடிக்காதீங்க, வாடகை வீடா இருந்தா வம்பு, உரிச்சா வந்துடற கமாண்ட் ஹூக் போதும். மருமககிட்ட "இந்த ஜன்னலை நாங்க எடுத்துக்கலாமா"ன்னு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க, வீட்டுக்காரிக்கு அந்த மரியாதை வேணும், அவளும் சந்தோஷமா ஒரு இலை மாட்டிட்டுப் போவா.

பைன் மரத்துக் காய் கிடைச்சா விடாதீங்க. வீட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு முன்னாடி தட்டுல அலுமினியத் தாள் போட்டு ஓவன்ல 200 டிகிரி ஃபாரன்ஹீட்ல அரை மணி நேரம் வைங்க, பூச்சி போயிடும், பிசுபிசுப்பும் அடங்கும், பக்கத்துலயே நிக்கணும். அப்புறம் ஒரு வேடிக்கை காட்டுங்க. நல்லா விரிஞ்ச காய் ஒண்ணைக் கிண்ணத்துத் தண்ணியில போட்டுட்டு நீங்க காபி குடிச்சுட்டு வந்து பாருங்க, செதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மூட ஆரம்பிச்சிருக்கும், எடுத்து காய வச்சா ஒரு ரெண்டு நாள்ல திரும்ப விரியும். என் பேரன் இதையே ஒரு வாரம் மாத்தி மாத்திப் பண்ணிக்கிட்டு இருந்தான், டிவி பக்கம் போகல. ஓக் மரத்துக் கொட்டையையும் பொறுக்குவா, அதையும் இதே மாதிரி சூடு காட்டிடுங்க. நாங்க அப்படியே எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி வச்சோம், மறுநாள் திறந்தா அடியில வெள்ளை வெள்ளையா குண்டுப் புழு, கொட்டைக்குள்ள இருந்து ஓட்டை போட்டு வெளியில வந்திருக்கு. எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு, அவனுக்கு ஒரே குஷி, எல்லாத்தையும் தோட்டத்துல கொண்டு போய் ஒவ்வொண்ணா விட்டுட்டு டாட்டா சொல்லிட்டு வந்தான். கைக்குழந்தை யாராவது வீட்டுக்கு வந்தா மட்டும் அந்தக் கொட்டைங்களை எடுத்து உயரத்துல வச்சுடுங்க, தொண்டையில சிக்கிடும்.

பரங்கிக்காய்க்கு மட்டும் கொஞ்சம் காசு செலவாகும். கடையில 'பை பம்ப்கின்'னு ரெண்டு மூணு கிலோ சைஸ்ல இருக்கும், ரெண்டு வாங்கச் சொல்லுங்க, மளிகை வாங்கப் போறப்போ சேர்த்து வாங்கிட்டு வந்துடுவாங்க. கத்தி வேண்டாம். வெட்டி முகம் செதுக்கினா ஒரு வாரம்கூடத் தாங்காது, பூசணம் பிடிச்சு உள்ள இறங்கிடும், முழுசா வச்சா நிழல்ல ரெண்டு மாசத்துக்கு மேலயே இருக்கும். ஒண்ணை அவகிட்ட குடுங்க, காய்ஞ்ச இலையைக் கோந்து தடவி மேல ஒட்டட்டும். அதே காயோட வரி வரியா இருக்கற பள்ளத்தைப் பார்த்தா உங்களுக்கே கை துறுதுறுங்கும், வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டும் மெல்லிசு பிரஷ்ஷும் எடுத்து ஒவ்வொரு மேட்டுலயும் புள்ளி வச்சு நெளிக்கோலம் போடுங்க. எடிசன்ல எத்தனை வாசல் பரங்கிக்காய் பாத்திருப்பீங்க, கோலம் போட்டது ஒண்ணாவது பாத்தீங்களா? அரிசி மாவுல மட்டும் போடாதீங்க, அணில் வந்து காயையும் சேர்த்துக் கடிச்சுடும். அடியில ஒரு அட்டை வைங்க, ஈரம் ஏறாது. கடுங்குளிர் ராத்திரின்னு சொன்னா உள்ள எடுத்துடுங்க, உறைஞ்சா கூழாயிடும்.

இன்னொரு காய்க்குப் பெயின்ட் வேண்டாம், சும்மா வாசல்ல உக்காந்திருக்கட்டும், நவம்பர் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங்னு இவங்க பண்டிகை வருதே, அன்னைக்கு வெட்டிக் கூட்டு வைங்க. விதையை அவ தோண்டி எடுக்கட்டும், அந்த வழவழப்பு குழந்தைக்கு ரொம்பப் பிடிக்கும், கழுவி உப்புப் போட்டு வறுத்துடுங்க. ஆனா அலங்காரத்துக்குன்னு கோணல்மாணலா சின்ன சின்னதா விக்கற காயை மட்டும் சமைக்காதீங்க, அநேகமா எல்லாம் கசப்பு, வயித்துக்கு ஆகாது. கொலு வைக்கறவங்க அடுத்த வருஷம் அந்த மாதிரி புதுசா வாங்கி படிக்குக் கீழ பார்க்குல வைக்கலாம், பைன் காயை மரமா நட்டுட்டு பக்கத்துல இதை மலையா வச்சா அத்தனை அழகா இருக்கும்.

சாயந்திரம் வெளிச்சம் வேணும்னா பேட்டரி விளக்கு வைங்க, சருகு பக்கத்துல அகல் ஏத்தாதீங்க, தீபாவளிக்கு ஏத்தறதையும் தோரணத்துல இருந்து நல்லா தள்ளி வைங்க.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு யோசிக்காதீங்க. மழை விட்ட மறுநாள் மட்டும் வேண்டாம், ஈர இலை அரிசி மூட்டைக்கு அடியில கறுத்துப் போயிடும், ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் கிளம்புங்க. போறப்போ ரெண்டு பை எடுத்துட்டுப் போங்க, அவளுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, உங்களுக்குப் பிடிச்ச இலையை நீங்களும் பொறுக்கணுமே.