தலைப்புப் பட்டை ஒளிர்கிறது, எழுத்து விழவில்லை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ திரை. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையில் தமிழ் தட்டுகிறேன். கோப்பைச் சேமிக்கும் பெட்டியை மூடியதும் சில வேளை எழுத்து விழுவதில்லை. தலைப்புப் பட்டையோ ஒளிர்ந்தபடியே இருக்கிறது. ஏன்?

பதில்: மறுநாள் அந்தியேட்டிச் சடங்கு, இரவுக்குள் கல்வெட்டு என்னும் நினைவு நூல் அச்சேற வேண்டும் என்ற அவசரம் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் எழுத்து நின்றவுடன் கணினியை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் தடயமும் போய்விடும்.

முதலில் ஆங்கிலத்துக்கு மாறி இரண்டு எழுத்துத் தட்டுங்கள். ஆங்கிலம் விழுந்தால், திரையில் சாளரங்களை நிர்வகிக்கும் சாளர மேலாளர்மேல் குற்றமில்லை, ஐபஸ்தான் காரணம். முனையத்தில் ‘ஐபஸ் ரீஸ்டார்ட்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

ஆங்கிலமும் விழவில்லையா? ஆல்ட், டாப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். சாளரம் மாறாவிட்டால் ஏதோ ஒரு செயலி விசைப்பலகை முழுவதையும் பிடித்து வைத்திருக்கக்கூடும். பாதியில் உறைந்த தெரிவுப் பட்டியல் (மெனு) ஒன்றே இதற்குப் போதும். எஸ்கேப் விசைக்கும் விடாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் அந்தச் செயலியை மட்டும் நிறுத்துங்கள். அதில் சேமிக்காதது போய்விடும், மற்றவை தப்பும்.

சாளரம் மாறியும் எழுத்து விழாவிட்டால் அதுதான் ஃபோகஸ் கோளாறு. தட்டும் விசை எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்பதே ஃபோகஸ். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் சந்தேகமும் இதன்மேல்தான். தலைப்புப் பட்டைக்கு நிறம் பூசுவது சாளர மேலாளர், விசையை உரிய சாளரத்திடம் சேர்ப்பது எக்ஸ் சேவையகம். இருவரும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஒரு சாளரத்துக்கு ஃபோகஸ் கொடுக்கும்போதே, ‘இது மறைந்தால் அடுத்து யாருக்கு?’ என்பதும் சேவையகத்திடம் சொல்லப்படுகிறது. ‘யாருக்கும் இல்லை’ என்று சொல்லியிருந்தால், பெட்டி மூடியபின் வேறொருவர் ஃபோகஸ் கேட்கும்வரை நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் சேவையகம் வீசிவிடும்.

இதைக் கையோடு பிடிக்கலாம். முனையத்தில் நேரே கட்டளை கொடுத்தால் ஃபோகஸ் முனையத்துக்கே வந்து தடயம் அழிந்துவிடும். ஆகவே ‘ஸ்லீப் 10’ என்று முன்னே சேர்த்து, பின்னால் ‘எக்ஸ்டூடூல் கெட்விண்டோஃபோகஸ் கெட்விண்டோநேம்’ கொடுங்கள். அந்தப் பத்து விநாடிக்குள் பெட்டியைத் திறந்து மூடிக் கோளாற்றை வரவழையுங்கள். இன்னொரு முறை ‘கெட்ஆக்டிவ்விண்டோ’ என்று மாற்றிச் செய்யுங்கள். முதலாவது சேவையகத்தின் பதில், இரண்டாவது சாளர மேலாளரின் பதில்.

பெயர்கள் வேறாக வந்தாலோ முதலாவதில் பெயரே வராவிட்டாலோ, சாளர மேலாளரின் நுண்ணமைப்பில் ஃபோகஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஐசிசிசிஎம் (எக்ஸில் செயலிகளும் சாளர மேலாளரும் பேசிக்கொள்ளும் விதிமுறை) ஃபோகஸ் குறிப்பை மதிக்கும் தெரிவின் குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘ஃபோகஸை நீ தரவேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு எடுக்க மறக்கும் செயலிகளுக்கு இது நல்ல மருந்து. ஃபோகஸ் பறிப்பைத் தடுக்கும் தெரிவையும் பிறகு தனியாகச் சோதியுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அவசர இரவில் வேறொரு சாளரத்தைச் சொடுக்கிவிட்டுத் திரும்பி வந்தாலே பெரும்பாலும் எழுத்து விழத் தொடங்கும்.

இரண்டு பதிலும் ஒன்றாகவே இருந்தால் விசை சாளரம்வரை வந்துவிட்டது, உள்ளே எழுதும் பெட்டியைத்தான் சேரவில்லை. அந்தப் பதில்களோடு முறைப்பாட்டை வடிவமைப்புச் செயலியை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள்.