தற்காப்புப் பீரங்கிக்கு நேரம் கொடுங்கள்

கேள்வி: ஈசூனில் வசிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன் நான். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து விண்கலப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் தற்காப்புப் பீரங்கியை யாருமே தங்கள் கலத்தில் பொருத்துவதில்லை. இடத்தை அடைக்கிறதே தவிர உதவுவதில்லை என்கிறார்கள். அதன் வீச்சு 300 அலகு. விநாடிக்கு 4 குண்டுகள் சுடும். குண்டின் வேகம் விநாடிக்கு 600 அலகு. சுழன்று குறிவைக்க 1 விநாடி ஆகும். ஏவுகணையின் வேகம் 200, நீளம் 8 அலகு; 2 குண்டுகள் பட்டால் வெடிக்கும். குண்டின் சேதத்தை இரண்டு மடங்காக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சேத எண்ணைக் கடைசியாகத் தொடுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 300 அலகு தொலைவை ஏவுகணை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறது. அதில் ஒரு விநாடி பீரங்கி திரும்புவதற்கே போய்விடுகிறது. மிச்சம் அரை விநாடி, அதாவது 2 குண்டுகள். சுடுவதில் பாதிதான் படும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் பட்டு ஏவுகணை வீழ 25 விழுக்காடுதான் வாய்ப்பு. சேதத்தை இரட்டித்தால் ஒன்று பட்டாலே போதும். வாய்ப்பு 75 ஆகும். இப்போது சேதத்தை அப்படியே விட்டுவிட்டு, வீச்சை 600 ஆக்கிப் பாருங்கள். மூன்று விநாடியில் ஒன்று கழிந்தாலும் இரண்டு மிஞ்சும், 8 குண்டுகள். அவற்றில் குறைந்தது இரண்டு பட 96 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. வீச்சு இரு மடங்கானதும் சுடும் நேரம் நான்கு மடங்காகிவிட்டது, பார்த்தீர்களா? வீச்சைத் தொட மனமில்லையென்றால் சுழலும் நேரத்தை அரை விநாடியாகக் குறையுங்கள். அதுவே 25ஐ ஏறக்குறைய 69க்குக் கொண்டுபோகும்.

கடலிலும் இதே கணக்குதான். ஒலியின் வேகத்தை நெருங்கி வரும் ஏவுகணையை 1.5 கிலோமீட்டர் தொலைவில் சுடத் தொடங்கினால், கப்பலுக்குக் கிடைப்பது சுமார் ஐந்து விநாடி. சாங்கி கடற்படைத் தளத்தில் நிற்கும் நம் சிங்கப்பூர்க் கடற்படையின் ஃபார்மிடபல் வகைப் போர்க்கப்பல்கள் ஆறும் 76 மில்லிமீட்டர் பீரங்கியோடு, வரும் ஏவுகணைகளை வீழ்த்தும் ஆஸ்டர் ஏவுகணைகளையும் சுமக்கின்றன. தொலைவிலேயே ஒரு தடவை, அருகில் வந்தால் இன்னொரு தடவை என்று சுட வாய்ப்புக் கிடைக்கிறது.

பாதிக் குண்டுகள் படும் என்று மேலே சொன்னேன். அந்தப் பாதியை நீங்கள் சந்தேகிக்க வேண்டும். குண்டும் ஏவுகணையும் எதிரெதிரே வரும்போது விநாடிக்கு 800 அலகு நெருங்குகின்றன. விளையாட்டு விநாடிக்கு 60 பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரையப்படும் 60 படங்கள், ஓடினால், ஒரு பிரேமுக்கு 13 அலகுக்கு மேல். ஏவுகணையின் நீளமோ 8. ஒரு பிரேமில் குண்டு ஏவுகணையின் மூக்குக்கு முன்னால் நிற்கிறது. அடுத்த பிரேமில் வாலுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்ட கணத்தை உங்கள் நிரல் பார்க்கவே இல்லை. பிசகாமல் குறிவைத்த குண்டுகளிலேயே 100க்கு 40 இப்படி ஊடுருவிப் போய்விடும். என் முதல் விளையாட்டில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை பீரங்கியின் சேதத்தை ஏற்றிக்கொண்டே போனேன். நீங்கள் விளையாட்டை நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். ஏவுகணை அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டு, குண்டு முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் ஒரு கோடு இழுத்து, அது ஏவுகணையை வெட்டுகிறதா என்று சோதித்தால் தீர்ந்தது. யூனிட்டி, கோடோ போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.

தன்னை நோக்கி வரும் ஏவுகணையை வீழ்த்தும் பீரங்கி, பக்கத்துக் கலத்தைக் காப்பாற்றத் தவறுகிறதா என்றும் கவனியுங்கள். 300 அலகு தொலைவில் குறுக்கே பறக்கும் ஏவுகணையைக் குண்டு எட்ட அரை விநாடி ஆகும். அதற்குள் ஏவுகணை 100 அலகு, அதாவது தன் நீளத்தைப்போல் பன்னிரண்டரை மடங்கு, தள்ளிப் போயிருக்கும். அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடு இதற்குப் போதும்.

நான்கு பீரங்கிகள் இருக்கும் கலத்தில் வேறொரு தொல்லை. எல்லாமே மிக அருகில் இருக்கும் ஏவுகணையைத்தான் தேர்ந்தெடுக்கும், அடுக்குமாடி புளோக்கின் கீழே விளையாடும் சிறுவர்கள் அத்தனை பேரும் பந்தையே துரத்துவதைப்போல. ஒரு பீரங்கி குறித்துவிட்ட ஏவுகணையை மற்றவை விட்டுவிடும்படி ஒரு பட்டியல் வையுங்கள்.

இவற்றை ஒரே நாளில் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். 100 ஏவுகணைகளை ஏவி எத்தனை தப்பின என்று எண்ணிக்கொண்டு, ஒரு மாற்றம் செய்து மறுபடியும் எண்ணுங்கள். ஊடுருவும் கோளாறிலிருந்து தொடங்குங்கள். அது சரியாகாதவரை மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது.

எல்லாம் சரியான பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து முறையீடு வரும். ஒரே சமயத்தில் 4 ஏவுகணைகளை வீழ்த்தும் கலத்தின்மீது நான்கு ஏவினால் ஒரு கீறலும் விழாது. ஆறு ஏவினால் இரண்டு முழுச் சேதத்தோடு இடிக்கும். ஏவுகணைக்காரர் கையில் நான்குதான் இருக்கிறது என்றால் அவருக்கு ஆட்டமே இல்லை. அதற்கு வீச்சைத் திரும்பக் குறைக்காதீர்கள். மூன்று விநாடி தொடர்ந்து சுட்டால் பீரங்கி சூடேறி, இரண்டு விநாடி ஓய்ந்து நிற்கட்டும். அதன் குழல் சிவப்பதை இருவரும் பார்க்கும்படி வரையுங்கள். தாக்குபவர் அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்து ஏவுவார். காப்பவர் எதைச் சுடுவது, எதைக் கவசத்தில் வாங்கிக்கொள்வது என்று முடிவெடுப்பார்.