சுற்றுப்பலகையிலிருந்து தாமிரம் எடுப்பது எப்படி?

கேள்வி: பழைய கணினி, கைப்பேசிச் சுற்றுப்பலகைகளில் உள்ள உலோகங்களை அமிலமே இல்லாமல் மின்சாரத்தால் பிரித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா? இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பது உண்மை. ஆனால், அமிலத்துக்கு இதில் வேலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பலகையில் திடமாக ஒட்டியிருக்கும் உலோகம் முதலில் கரைசலில் அயனியாக வர வேண்டும். அதனால் பலகையை நொறுக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றி கலந்த கந்தக அமிலத்தில் தாமிரத்தைக் கரைத்து வடிகட்டுகிறார்கள். அந்த நீலக் கரைசலில் மின்வாய்களை அமிழ்த்தி நேர்மின்னோட்டம் செலுத்தும்போது, எதிர்மின்வாயில் தாமிரம் படிகிறது.

கூடவே கரைந்த நிக்கலும் துத்தநாகமும் ஏன் படிவதில்லை? இம்முறையின் நுட்பமே இதில்தான் இருக்கிறது. ஓர் உலோக அயனி எலக்ட்ரானை ஏற்று உலோகமாகப் படிவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் அளவு திட்ட மின்வாய் அழுத்தம்; அது கூடுதலாக இருந்தால் எளிதில் படியும். அது தாமிரத்துக்கு +0.34 வோல்ட், நிக்கலுக்கு −0.25, துத்தநாகத்துக்கு −0.76. எனவே செலுத்தும் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் தாமிரம் மட்டும் முந்திக்கொண்டு படியும்; மற்றவை கரைசலிலேயே தங்கிவிடும். ஆயினும் தாமிரத்தின் செறிவு குறையக் குறைய ஹைட்ரஜன் வாயு வெளிவரத் தொடங்கும், படிவும் தகடாக இல்லாமல் பொடியாக உதிரும். கரைசலில் இரும்பு கலந்திருந்தால் அது இரு மின்வாய்களுக்கும் இடையே ஃபெர்ரிக், ஃபெரஸ் என்ற தன் இரு அயனி வடிவங்களாக மாறி மாறி மின்சாரத்தை வீணாக்கும்.

செலுத்தும் மின்சாரத்தின் அளவுக்கேற்பவே உலோகம் படியும் என்பது ஃபாரடே விதி. அதன்படி, ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 1.19 கிராம் தாமிரத்தையே தரும். 100 ஆம்பியரை ஒரு நாள் முழுவதும் செலுத்தினாலும் 3 கிலோவை எட்டாது.

தங்கம் கந்தக அமிலத்தில் கரையாமல் கசடோடு நின்றுவிடுவதால், அதைத் தனியே எடுக்க வேண்டும். ஜெர்மனியின் லூனென் நகரிலுள்ளது போன்ற பெரிய ஆலைகளில் கழிவை உருக்கித் தாமிர நேர்மின்வாய்களாக வார்க்கிறார்கள். மின்தூய்மையின்போது அவை கரையக் கரைய, தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாகப் படிகின்றன. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது: தாமிரத்தைத் தூய்மைப்படுத்தும் அதே தொட்டியில், விலையுயர்ந்த உலோகங்களும் தாமாகவே ஒதுங்கிவிடுகின்றன.

வீட்டில் தயவுசெய்து முயல வேண்டாம். தங்கத்துக்காக நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் எழும் பழுப்புப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். மிஞ்சும் கரைசலில் ஈயமும் நிக்கலும் கலந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பலகைகளை உடைக்காமல் அப்படியே ஒப்படையுங்கள்.