பையன்கள் கெட்டுவிட்டார்களா? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் பையில் அரிவாளோடு போய்க் கூடப் படிப்பவனை வெட்டியதிலிருந்து, பத்தாவது படிக்கும் என் மகனைப் பள்ளிக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. நம் காலத்தில் மாங்காய் திருடியதோடு சரி. சிறார் குற்றம் வருஷா வருஷம் கூடிக்கொண்டேதானே போகிறது? அந்த 18 வயதுச் சலுகையை எடுத்துவிட்டால் என்ன?

– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள நண்பருக்கு,

2025 ஏப்ரலில் அந்தச் செய்தி வந்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் கூடிக்கொண்டே போகிறது என்கிறீர்களே, கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டில், நாடு முழுக்கச் சிறார் மீதான வழக்குகள் 2016இல் 35,849, 2022இல் 30,555.

இந்த எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1986 சட்டப்படி 16 வயது நிரம்பாத பையன்தான் சிறுவன். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதை 18 ஆக்கியது. பிடிபடும் சிறாரில் முக்கால்வாசிப் பேர் அந்த இடைப்பட்ட வயதுக்காரர்கள். பெரியவர்கள் கணக்கிலிருந்து அவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் ஏடு வீங்கிவிட்டது. பையன்கள் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகவில்லை. அமெரிக்காவில் 1990களின் நடுவில் சிறார் கைதுகள் உச்சத்தில் இருந்தபோது, ஈவிரக்கமில்லாத ஒரு தலைமுறை வருகிறது என்று பேராசிரியர்களே கிலி கிளப்பினார்கள். 1996இல் சுமார் 27 லட்சமாக இருந்த கைதுகள் 2020இல் ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன.

சலுகை விஷயம். கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுக்காரர்களைப் பெரியவர்களாக விசாரிக்க 2015 சட்டத்திலேயே வழி இருக்கிறது. நீங்கள் சொல்லும் பையனோ எட்டாம் வகுப்பு. வயதை 16 ஆகக் குறைத்தாலும் அவன் சிறுவன்தான்.

மாங்காய்க் காலம் என்கிறீர்கள். மகன் பத்தாவது என்றால் நீங்கள் படித்தது 1995க்கு முன்பின்னாக இருக்கும். சாதிக் கலவரங்களின் நடுவே கொடியங்குளம் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்து சூறையாடிய வருஷம். பேருந்து ஓடாத நாட்கள் மறந்துபோச்சா? அன்று அரிவாள் பெரியவர்கள் கையில் இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ பையனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதில் பிடிபட்டவர்கள் அவனோடு படித்தவர்கள். காரணம் சாதி. அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. எனக்குக் கவலை வழக்குகளின் எண்ணிக்கை அல்ல, இந்தக் கயிறுதான். நம் பக்கத்தில் அதன் நிறத்தைப் பார்த்தே ஆள் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்வார்கள்.

சாயங்காலம் மகன் வந்ததும் அரிவாளைப் பற்றிப் பேசவேண்டாம். கையில் கயிறு இருந்தால் யார் கொடுத்தது, வேறு நிறம் கட்டியவன் எவனாவது அவன் பெஞ்சில் உட்காருகிறானா என்று சும்மா கேட்டுப்பாருங்கள். கயிறு நீங்களே வாங்கிக்கொடுத்தது என்றால், அதையும் எழுதுங்கள்.