அறியாமல் வாழ்த்தியவன்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' கவிதை பாடத்தில் இருக்கிறது. கற்பனாவாதத்தின் (ரொமாண்டிசிசம் என்ற இலக்கிய இயக்கத்தின்) இயல்புகள் என்று நோட்ஸில் இயற்கை நேசம், அமானுஷ்யம், கற்பனை என வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கவிதையில் இயற்கை பயமுறுத்துகிறது. ஒரு பறவையைக் கொன்றதற்கு இவ்வளவு தண்டனையா? கடைசியில் 'எல்லா உயிரையும் நேசி' என்ற நீதி வேறு. இதில் கற்பனாவாதம் எங்கே இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோட்ஸைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதை: கல்யாணத்துக்குப் போகும் ஒருவனை வழிமறித்து ஒரு கிழ மாலுமி பேச ஆரம்பிக்கிறான். தென்கோடிப் பனியில் சிக்கிய கப்பலுக்குத் துணையாக வந்த ஆல்பட்ராஸ் பறவையை அவன் அம்பெய்து கொன்றவன். ஏன் கொன்றான்? கவிதை சொல்வதே இல்லை. பிறகு காற்று நிற்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, இருநூறு பேர் சாகிறார்கள். கழுத்தில் செத்த பறவையோடு இவன் மட்டும் மிச்சம். ஜெபிக்கப் பார்க்கிறான், வரவில்லை.

அப்புறம் நிலா வெளிச்சத்தில் நீர்ப்பாம்புகளைப் பார்க்கிறான். நீலம், பளபளக்கும் பச்சை, வெல்வெட் கறுப்பு. நீந்திய தடமெல்லாம் பொன் நெருப்பு. சற்று முன்புவரை இதே கடலின் ஜந்துக்கள் அவனுக்கு வெறும் அருவருப்பு. இப்போது மனதில் அன்பு ஊறி அவற்றை வாழ்த்திவிடுகிறான். 'அறியாமல்' வாழ்த்தினேன் என்கிறான், அதையும் இரண்டு முறை. உடனே பறவை கழன்று கடலில் விழுகிறது.

எனக்கு முழுக் கவிதையும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. கொன்றதும் யோசித்துச் செய்ததில்லை, வாழ்த்தியதும் யோசித்துச் செய்ததில்லை. மனதின் அந்த இருட்டு ஊற்றை நம்பியதுதான் கற்பனாவாதம். இயற்கை அதைத் தொட்டு எழுப்புகிறது, சில சமயம் அழகால், சில சமயம் பயத்தால். இத்தனைக்கும் இதை எழுதும்போது கோல்ரிட்ஜ் கடற்பயணமே போனதில்லை!

கோல்ரிட்ஜின் நண்பரான கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு இது பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன். 1797இல் ஒரு நடைபயணத்தின்போது ஆல்பட்ராஸ் யோசனையைக் கொடுத்தவரே அவர்தான். 1798இல் 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்பு இருவர் கவிதைகளோடும் பெயரில்லாமல் வந்தது. 1800 பதிப்பில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு, உள்ளே நண்பரின் கவிதைக்குக் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு குறிப்பும் எழுதினார். நாயகன் எதையும் செய்வதில்லை, எல்லாம் அவனுக்கு நேர்கிறது என்பது அதில் ஒரு குறை. அவர் குறை என்றது எனக்குக் கவிதையின் உயிராகப் படுகிறது.

சரி, தண்டனை. இந்தக் கவிதையில் நீதிபோதனை இல்லையே என்று கவிஞர் பார்போல்ட் அம்மையார் கேட்டதற்கு, நீதிபோதனை அதிகமாகிவிட்டது என்றார் கோல்ரிட்ஜ். ஆயிரத்தொரு இரவுகளில் ஒரு வணிகன் பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிகிறான். அது பூதத்தின் மகன் கண்ணைக் குருடாக்கிவிட்டதாம், பூதம் அவனைக் கொல்ல வருகிறது. தன் கவிதையும் அப்படி இருந்திருக்க வேண்டும் என்றார். உங்கள் 'இவ்வளவா?' நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பொருந்தாமையைத்தான் அவர் இன்னும் கூட்ட ஆசைப்பட்டார்.

'எல்லா உயிரையும் நேசி' என்பது மாலுமி தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். கேட்டவனைப் பாருங்கள். கதை அவ்வளவுதான் என்றால் உள்ளே போய் விருந்து சாப்பிட்டிருப்பானே? கல்யாண வீட்டு வாசல்வரை வந்தவன், பேயறைந்தவன் மாதிரி திரும்பிப் போய்விடுகிறான்.